குஜராத்தா, கேரளாவா: வளர்ச்சி யார் வீட்டுக்கு வந்தது?

ஜிடிபி (மொத்த உற்பத்தி) ஏறினால் போதுமா, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவழிப்பதா என்று குழம்புபவர்கள் இந்த இரண்டு மாநிலங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கூலி: விவசாயத் தொழிலாளிக்கு 2022-23இல் கேரளாவில் நாளொன்றுக்குச் சுமார் 764 ரூபாய். துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த குஜராத்தில் 242. கேரளாவின் பெரும்பாவூர் கடைத்தெருவில், கூலி வேலைக்கு வந்தவர்களின் வங்காளிப் பேச்சு கேட்பது சும்மா இல்லை.

குழந்தைகள்: ஆயிரம் பிறப்பில் ஒரு வயதுக்குள் இறப்பு, 2020இல் கேரளாவில் 6, குஜராத்தில் 23.

வேலை: இங்கே குஜராத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. படித்த மலையாளி வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறார். அவர் அனுப்பும் பணத்தைக் கேரளாவைப் புகழ்பவர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்.

சரி, யாருக்கு எது? தொழில் தொடங்க, ஆலை வேலை தேட குஜராத். அன்றாடக் கூலியையும் அரசு ஆஸ்பத்திரியையும் நம்பும் குடும்பத்துக்குக் கேரளா.