லேயில் வாடகைக்கு எடுத்த ஹிமாலயன்: வண்டி நன்று, பயணத் திட்டம் தேறாது

வெளியூரில் வாடகைக்கு எடுத்த பைக்கை மணாலி வழியாக லடாக்கின் லே நகரம் வரை ஓட்டி வர முடியும் என்றாலும், அதே வண்டியில் நூப்ரா பள்ளத்தாக்குக்கோ பாங்காங் ஏரிக்கோ போவதற்கு உள்ளூர் வாடகை வண்டிக்காரர்களின் சங்கம் இடம் கொடுப்பதில்லை. அதனால் நானும் நண்பரும் லேயிலேயே ஒரு வாடகை நிலையத்தில் ஆளுக்கொரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் எடுத்துக்கொண்டு ஒன்பது நாள் லடாக்கில் சுற்றினோம். வண்டியுடன் இரண்டு பெட்ரோல் கேன்கள், பஞ்சர் ஒட்டும் சாமான்கள், கையால் எழுதிய பயணத் திட்டம் ஒன்று ஆகியவற்றையும் கொடுத்தார்கள்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். லேயிலிருந்து நூப்ரா போகும் வழியில் 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். காற்றின் அளவுக்கேற்ப எரிபொருளை அளந்து செலுத்தும் இன்ஜெக்‌ஷன் அமைப்பு இருப்பதால் வண்டி இழுவை குறைந்தாலும் திணறி நிற்கவில்லை. என் மனத்தில் நின்றது மெக்கானிக் செய்த ஒரு சிறு வேலை. புதிய கிளட்ச் கேபிள் ஒன்றைப் பையில் போட்டுக் கொடுக்காமல், பழைய கேபிளை ஒட்டியே ஹேண்டில்பாரிலிருந்து இன்ஜின் வரை ஓட்டி, பிளாஸ்டிக் பட்டைகளால் கட்டிவிட்டார். வழியில் அறுந்தால் டாங்க்கைக் கழற்ற வேண்டியதில்லை, புதிய கேபிளின் இரண்டு முனைகளையும் மாட்டினால் போதும். குறை என்றால், என் வண்டியின் பின் பிரேக் பேட் தேய்ந்திருந்ததைக் கர்துங் லாவிலிருந்து இறங்கும்போதுதான் கண்டுகொண்டேன். நூப்ராவில் உள்ள டிஸ்கிட் ஊரில் மாற்றிய செலவைத் திரும்பி வந்ததும் மறுபேச்சின்றி வாடகையில் கழித்துக்கொண்டார்கள்.

பயணத் திட்டத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. விமானத்தில் வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே கர்துங் லா ஏற வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். லேயே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு நாளாவது ஓய்ந்திருந்து உடலைப் பழக்காமல் மேலும் 1,800 மீட்டருக்கு மேல் ஏறுவது தலைவலியையும் வாந்தியையும் விலை கொடுத்து வாங்குவதாகும். நாங்கள் மூன்றாம் நாள்தான் கிளம்பினோம்.

அடுத்த பிழை நீரோடைகளைப் பற்றியது. நூப்ராவின் ஹுண்டர் ஊரிலிருந்து ஷயோக் ஆற்றுப் பாதை வழியாகப் பாங்காங் செல்லும் நாளுக்கு, காலை உணவுக்குப் பின் பதினோரு மணிக்குப் புறப்படலாம் என்றும் நான்கு மணி நேரம் போதும் என்றும் குறிப்பிட்டிருந்தார்கள். கிலோமீட்டரை மட்டும் பார்த்துப் போட்ட கணக்கு அது. வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகளில் நீர் கூடும் என்பதால், விடியற்காலையில் டயர் மட்டும் நனையும் இடத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு நாங்கள் கடந்தபோது தண்ணீர் பூட்ஸுக்குள் இறங்கியது. அடியில் உருண்டைக் கற்கள் வேறு. ஒருவர் வண்டியை முதல் கியரில் மெல்ல நகர்த்த, மற்றவர் பின்னாலிருந்து தள்ள, இரண்டு வண்டிகளையும் கரையேற்ற முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாங்காங் சேர மொத்தம் ஏழு மணி நேரம் பிடித்தது.

பெட்ரோலைப் பற்றித் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. பாங்காங்கிலிருந்து சுஷுல் வழியாக ஹன்லே என்ற ஊருக்குப் போய்த் திரும்புவதற்கு 15 லிட்டர் டாங்க்கை மட்டும் நம்ப முடியாது. கேன்களையும் லேயிலேயே நிரப்பிக்கொண்டது நல்லதாயிற்று. கழுத்துவரை நிரப்பக் கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் கணவாயின் மேல் எங்கள் கேன் பலூன் போல உப்பியிருந்தது, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருக வேண்டியிருந்தது.

பிற மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. நண்பரிடம் போஸ்ட்பெய்ட் இணைப்பு இருந்ததால் தப்பினோம்.

மறுபடி போனால் வண்டியை அதே இடத்தில், அந்த மெக்கானிக் இருக்கும் நேரம் பார்த்து எடுப்பேன். பிரேக் பேட்களைக் குனிந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவேன். நாள்வாரித் திட்டத்தை நானே எழுதி எடுத்துச் செல்வேன்.