பாம்பிள்மூஸ் தோட்டமா, பிளாக் ரிவர் காடா: மூன்று தலைமுறை சேர்ந்து நடக்க எது ஏற்றது?

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையாவது மரம் செடிகளுக்கு நடுவே கழிக்க வேண்டும் என்று முடிவு செய்த நாங்கள், மொரீஷியஸின் ரோஸ்ஹில்லிலிருந்து ஓராண்டு காலம், வடக்கே உள்ள பாம்பிள்மூஸ் தாவரவியல் தோட்டத்துக்கும் தென்மேற்கே உள்ள பிளாக் ரிவர் காட்டுக்கும் மாறி மாறிப் போய்ப் பார்த்தோம். எழுபத்தாறு வயதான என் அம்மா, நாங்கள் இருவர், பதின்மூன்று வயது மகன், ஏழு வயது மகள் என ஐந்து பேர். இப்போது எங்கள் கார் பெரும்பாலும் பாம்பிள்மூஸ் பக்கமே திரும்புகிறது.

தொலைவில் பெரிய வேறுபாடு இல்லை. காட்டுக்குள் நுழையும் இடமான பெத்ரேன் மேட்டுநிலம்; அங்கே வடக்கைவிட மழை அதிகம் என்பது மொரீஷியஸில் எல்லாரும் அறிந்ததே. எங்களுக்கு முடிவைத் தந்தது நடை.

பெத்ரேனிலிருந்து மக்காபே நோக்கிச் செல்லும் வழி தொடக்கத்தில் அகலமாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்சி முனையைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பகுதி செங்குத்தானது, மழை பெய்தால் வழுக்கக்கூடியது. முழங்கால் வலியுள்ள அம்மா சிறிது தூரத்திலேயே நின்றுவிடுவார். துணைக்கு என் மனைவியும் திரும்பிவிடுவார். வீட்டிலிருந்து ஐவராகப் புறப்பட்டு, காட்டில் மூவரும் இருவருமாகப் பிரிந்து, மாலையில் காரில் ஏறிய பிறகே, யார் எதைப் பார்த்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள நேர்ந்தது. காணும் பொழுதிலேயே சேர்ந்து காண்பதற்காகத்தானே போகிறோம்?

பாம்பிள்மூஸில் அந்தப் பிரிவு இல்லை. நாட்டின் முதல் பிரதமர் சர் சிவசாகர் ராம்குலாமின் பெயர் தாங்கிய அத்தோட்டத்தின் வழிகள் அகலமானவை, சமதளமானவை, நிழல் நிறைந்தவை. ஐந்து பேரும் ஒரே வரிசையில் பேசிக்கொண்டே நடக்கலாம். அம்மா உட்கார்ந்தால் நாங்களும் உட்காரலாம். (ஊரின் பெயரே நமக்கு உறவு: நம் பம்பளிமாஸும் பிரெஞ்சுக்காரர்களின் பாம்பிள்மூஸும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள்.) 1767இல் இத்தீவின் நிர்வாகப் பொறுப்பேற்ற பியர் புவாவ்ர் ஜாதிக்காயும் கிராம்பும் வளர்க்க முனைந்த மண் அது. உதிர்ந்து கிடந்த கிராம்பு இலையொன்றை அம்மா உள்ளங்கையில் கசக்கி மகளின் மூக்கருகே நீட்டியபோது, குழந்தை கண்ணை மூடிக்கொண்டு, "பாட்டி, பிரியாணி வாசனை!" என்றாள். சீதாளப் பனையின் அடியில் அம்மா இன்னும் அதிக நேரம் நிற்பார். பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை உச்சியில் பூத்து, காய்த்து முடிந்ததும் பட்டுப்போகும் மரம் அது. அதன் ஓலையிலும் நம் முன்னோர் ஏடு எழுதினார்கள் என்று அவர் சொல்ல, கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்காத என் மகன்கூட நிமிர்ந்து பார்த்தான். குளத்தில் ராட்சத அல்லியின் இலைகள், விளிம்பு மடித்த பெரிய தாம்பாளங்களைப் போல மிதக்கின்றன. முதல் மாலையில் வெள்ளையாக மலரும் அதன் பூ மறுநாள் மாலைக்குள் இளஞ்சிவப்பாகிவிடும்.

காட்டுக்கு உரியதையும் சொல்லியாக வேண்டும். 1994இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தப் பள்ளத்தாக்கு, நட்டு வளர்த்த தோட்டம் அல்ல. இத்தீவுக்கே உரிய மரங்களும் பறவைகளும் எஞ்சியிருக்கும் இடம். 1974இல் காட்டில் நான்கே நான்கு என்ற நிலைக்குக் குறைந்துபோன மொரீஷியஸ் வல்லூறு, மனித முயற்சியால் மீண்டு இன்றும் அங்கே பறக்கிறது. அதைத் தோட்டம் ஒருநாளும் தர முடியாது. பறவை பார்ப்பதில் எங்களுக்குப் பழக்கம் குறைவு. ஒரே ஒரு முறை இளஞ்சிவப்புப் புறா ஒன்றைக் கண்டோம் என்று நம்புகிறோம். பறவை ஆர்வமுள்ள குடும்பம் இதையெல்லாம் வேறு விதமாக எடைபோடக்கூடும். கால் வலுவுள்ள பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டுக்கும் நான் காட்டையே சொல்வேன்.

அம்மாவும் முழுதாகக் கலந்துகொண்ட காட்டு நாள் ஒன்று உண்டு. பிளேன் ஷாம்பாஞ் சாலையோரத்தில் சிவப்புச் சிறு கொய்யா பழுத்திருந்த மே மாதம் அது. இறங்கி நான்கு அடி வைத்தாலே பழம். அம்மா முந்தானையில் ஏந்த, பிள்ளைகள் பறித்துப் போட, மிளகாயும் உப்பும் தொட்டு அங்கேயே தின்று தீர்த்தோம். பிரேசிலிலிருந்து வந்த அந்தக் கொய்யாதான் நாட்டு மரங்களை நெருக்கி அழிக்கிறது என்பதை மகனுக்குச் சொன்னேன். அதன் பிறகு அவன் இரண்டு மடங்கு வேகமாகப் பறித்தான்.

ஆகவே கொய்யாக் காலத்தில் ஒரு ஞாயிறு காட்டுக்கு, மற்ற மாதங்களில் பாம்பிள்மூஸுக்கு என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே போய்விடுகிறோம். குளத்தருகே கொசு உண்டு என்பதால், அம்மாவின் கால்களுக்கு வேப்பெண்ணெய் தடவிய பிறகே புறப்படுகிறோம்.