பொது ஆங்கில வகுப்பா, துறைசார் ஆங்கிலமா, ஆய்வகத்திலேயே ஆங்கிலமா?

மின்விளக்கு இழையின் மின்தடையை ஆராயும் செய்முறைக்கு ஒரு மாணவர் அறிக்கை எழுதுகிறார். அதில் 'த கிராஃப் இஸ் இன்கிரீசிங்' என்று ஒரு வரி வருகிறது. இலக்கணம் சரியாக இருப்பதால் ஆங்கில ஆசிரியர் இதைக் கடந்துபோய்விடுவார். இயற்பியல் ஆசிரியரோ, கூடுவது வரைபடமா மின்னோட்டமா, எதைக் கூட்டியபோது அது கூடியது, நேர்விகிதத்திலா, கடைசி வரைக்குமா என்று வரிசையாகக் கேட்பார். அதே மாணவர் 'கரண்ட் இஸ் இன்கிரீஸ் வித் வோல்டேஜ்' என்று எழுதியிருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும்: பொருள் விளங்கிவிட்டதால் இயற்பியல் ஆசிரியர் மதிப்பெண் போட்டுவிடுவார், ஆங்கில ஆசிரியர்தான் சிவப்பு மையை எடுப்பார். அறிவியல், தொழில்நுட்ப மாணவர்களின் ஆங்கிலத் தொடர்புத் திறனை வளர்க்க முன்வைக்கப்படும் வழிகளை ஒப்பிடும்போது, இந்த இரண்டு வரிகளையும் எந்த வழி திருத்துகிறது என்று பார்ப்பதே நான் கைக்கொள்ளும் அளவுகோல்.

பல்கலைக்கழகங்களில் பரவலாக இருப்பது பொது ஆங்கிலப் பாடம். எல்லாத் துறை மாணவர்களையும் ஒரே வகுப்பில் அமர்த்தலாம், ஆசிரியர் கிடைப்பதும் எளிது. வாய்திறந்து பேசவே கூசுகிற மாணவருக்கு, தவறு செய்தாலும் பாதகமில்லாத ஓர் இடத்தை அது தருகிறது என்பதையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2001-இல் வெளியான ஐரோப்பியப் பொதுச் சட்டகம் மொழித்திறனை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. அவற்றில் கீழ் இரண்டு படிகளில் நிற்பவரிடம் ஆய்வுக்கட்டுரையைக் கொடுப்பது வீண் வேலை, அவருக்குப் பொது வகுப்பே உகந்தது. ஆனால் அந்தப் படிகளைத் தாண்டியவருக்கும் விடுப்புக் கடிதமும் பட்டிமன்றத் தலைப்புகளுமே பயிற்சியாகத் தொடரும்போது, பாடத்தில் தேறியவர்கூட ஒரு வரைபடத்தை நான்கு வாக்கியங்களில் விளக்கத் தெரியாமல் நிற்கிறார்.

துறைசார் ஆங்கிலம் இந்த இடைவெளியை நிரப்ப வந்தது. இதன் பின்னால் உறுதியான மொழியியல் உழைப்பு இருக்கிறது. ஆய்வுக்கட்டுரையின் முன்னுரை மூன்று நகர்வுகளால் ஆனது என்று மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் விரித்துரைத்தார்: களத்தின் முக்கியத்துவத்தை நிறுவுதல், அதில் விடுபட்டிருப்பதைக் காட்டுதல், அந்த இடத்தைத் தன் ஆய்வால் நிரப்புதல். கல்வித்துறை நூல்களில் துறை வேறுபாடின்றித் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரே வேரிலிருந்து கிளைக்கும் சொற்களின் தொகுதிகளை) மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் பட்டியலிட்டார். அத்தகைய நூல்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு சொல் இப்பட்டியலைச் சேர்ந்தது. பொறியியல் பக்கம் பார்த்தால், விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக 1980-களில் உருவான எளிமைப்படுத்தப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலம், செய்முறை கூறும் வாக்கியம் 20 சொற்களுக்கு மேலும், விளக்க வாக்கியம் 25 சொற்களுக்கு மேலும் போகக் கூடாது என்று விதிக்கிறது. நீண்ட வாக்கியமே கனமான வாக்கியம் என்று நம்பும் மாணவருக்கு இந்த ஒரு விதியே பாதி மருந்து.

துறைசார் வகுப்பு சறுக்குவது கலைச்சொற்களில். 'டையோடு', 'என்சைம்' போன்றவற்றை மாணவர் தம் அறிவியல் பாடத்திலேயே கற்றுவிடுகிறார். அவற்றையே மீண்டும் மனப்பாடம் செய்ய வைப்பதால் பயனில்லை. இடறச் செய்பவை பழகிய சொற்கள். 'சிக்னிஃபிகண்ட்' என்பது அன்றாடப் பேச்சில் முக்கியமானது என்றாகும், புள்ளியியலில் அதற்கு வேறு பொருள். 'எரர்' என்பது ஆய்வகத்தில் யாரோ செய்த தவறு அல்ல, அளவீட்டின் ஐயப்பாடு. எவ்வளவு உறுதியாகச் சொல்வது என்பது இன்னும் நுட்பமானது. டி.என்.ஏ.வின் அமைப்பை 1953-இல் அறிவித்த வாட்சனும் கிரிக்கும் தங்கள் கட்டுரையை 'நிரூபிக்கிறோம்' என்று தொடங்கவில்லை; ஓர் அமைப்பை முன்மொழிய விரும்புவதாகவே தொடங்கினார்கள். 'ப்ரூவ்', 'ஷோ', 'சஜெஸ்ட்' ஆகிய மூன்றில் எது பொருந்தும் என்பதைத் தரவைப் பார்க்காமல் மொழி ஆசிரியரால் மட்டும் முடிவு செய்ய இயலாது.

அதனால்தான் மூன்றாவது வழியை, அதாவது ஆய்வகத்திலேயே ஆங்கிலம் கற்பதை, நான் மேலாகக் கருதுகிறேன். ஆய்வக அறிக்கையின் முதல் வரைவை அறிவியல் ஆசிரியரும் மொழி ஆசிரியரும் சேர்ந்து படித்துக் கேள்விகளை எழுதித் தருகிறார்கள்; மதிப்பெண் இரண்டாம் வரைவுக்கே. தொடக்கத்தில் பார்த்த மின்விளக்கு இழை வரி இரண்டாம் வரைவில், மின்னழுத்தம் கூடக்கூட மின்னோட்டம் கூடியது, ஆனால் கூடும் வீதம் படிப்படியாகக் குறைந்தது, இழை சூடேறி அதன் மின்தடை உயர்ந்தது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும். இயற்பியலும் இலக்கணமும் ஒரே திருத்தத்தில் நேராகின்றன. பேச்சுக்கும் இதே முறை பொருந்தும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டியில் அசையாத ஒரே ஒரு ஸ்லைடுதான் அனுமதி. அந்த நெருக்கடியை வகுப்பின் செய்முறைத் திட்டத்துக்கும் கொண்டுவரலாம். பாடங்களை ஆங்கிலத்தில் நடத்துவதும் இந்த மூன்றாவது வழியும் ஒன்றென்று சிலர் நினைக்கிறார்கள். விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுப்பவர் கேட்கத்தான் பழகுகிறார், எழுதவோ வாதிடவோ அல்ல.

செலவு என்று பார்த்தால் இதுவே மிகக் கடினமான வழி. அறுபது பேரின் அறிக்கைகளை இரண்டு முறை படிக்க நேரம் வேண்டும். இலக்கணம் தன் வேலையல்ல என்று ஒதுங்கும் அறிவியல் ஆசிரியரையும் இணங்க வைக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இந்தச் சுமையைக் குறைக்கும் என்பது பாதி உண்மை: 'இஸ் இன்கிரீஸ்' என்பதை அவை நொடியில் திருத்திவிடும், ஆனால் திருத்தும் வேகத்தில் 'சஜெஸ்ட்' இருந்த இடத்தில் 'ப்ரூவ்' வந்து உட்காரவும் கூடும்.

மணிநேரம் குறைவாக உள்ள பாடத்திட்டத்தில், அடிப்படை தடுமாறுபவர்களுக்கு மட்டும் முதல் பருவத்தில் பொது வகுப்பை வைத்து, மற்ற எல்லா மணிநேரத்தையும் ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடலாம். எல்லா அறிக்கைகளையும் இருமுறை படிக்க இயலாவிட்டால், பருவத்துக்கு இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றின் முடிவுப் பகுதியை மட்டும் திருத்தினாலும் போதும்.