தெஹ்ரானில் பின் நம்பரைக் கத்திச் சொல்லலாம், சிம் கார்டுதான் பிரச்சினை

வெளிநாட்டில் வாழும் ஈரானியர்களான நாம் ஊருக்குப் போனால் தடுமாறுவது பணம் கட்டும்போதுதான். சங்கக் எனும் ஈரானியத் தட்டை ரொட்டி விற்கும் கடையில் வங்கிக் கார்டை நீட்டினால், கடைக்காரர் மாவு படிந்த கையாலேயே மெஷினில் தேய்த்துவிட்டு "ரம்ஸ்?" என்பார். நாலு இலக்கப் பின் நம்பரைத்தான் கேட்கிறார். வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும், அவரே அழுத்துவார். டொராண்டோவில் ஒரு கையால் மறைத்து மறு கையால் அழுத்திப் பழகிய நம் பிள்ளைகள் மெஷினுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். பின்னால் முணுமுணுப்பு கிளம்பும். ஊரில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

ஒரே ஒரு ரொட்டி வாங்குபவர்களுக்குத் தனி வரிசை, அது இன்னும் மாறவில்லை. அடுப்பின் சூடான கூழாங்கற்கள் மேல் வெந்து வரும் ரொட்டியைக் கம்பி வலை மேசையில் போட்டுக் கல்லை ஒவ்வொன்றாகத் தட்டி எடுங்கள். அவசரப்பட்டால் பல் போகும். விலை "ஐம்பது" என்றால் 50 ஆயிரம் தோமன். ஒரு தோமன் பத்து ரியால் என்பதால் மெஷினில் விழுவது 5,00,000 ரியால். கடைக்காரர் "காசு இருக்கட்டும்" என்று சொன்னால் நம்பி நடையைக் கட்டிவிடாதீர்கள். தஆரொஃப் எனும் அந்த வாய் உபசாரத்தை நீங்கள் மறந்திருக்கலாம், அவர் மறக்கவில்லை.

இவ்வளவு தாராளமான ஊரில், கணினியில் ஒரு ரயில் டிக்கெட் எடுத்துப் பாருங்கள். பொருளாதாரத் தடைகளால் விசா, மாஸ்டர்கார்டு எதுவும் ஓடாது. 2002 முதல் எல்லாக் கார்டும் ஈரானிய வங்கிகளை இணைக்கும் ஷெதாப் வலையமைப்பில்தான். இணையத்தில் பணம் கட்ட அந்த நாலு இலக்கம் போதாது. ரம்ஸெ பூயா எனும் இரண்டாவது ரகசிய எண் வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக எஸ்எம்எஸ்ஸில் வரும், ஓரிரு நிமிடத்தில் செத்துவிடும். வருவது, வங்கிக் கணக்கில் பதிந்த எண்ணுக்கு. அந்த சிம்தான் நீங்கள் வெளிநாட்டில் இருந்தபோது பயன்படாமல் கிடந்து துண்டிக்கப்பட்டிருக்கும்.

சரி, அப்பா பெயரில் இருக்கும் சிம்மை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால்? எழுத்தர் உங்கள் பத்து இலக்க தேசிய எண்ணையும் மொபைல் எண்ணையும் தட்டுவார். ஷாஹ்கார் என்ற அமைப்பு இரண்டும் ஒரே ஆளுடையதா என்று பார்க்கும். இல்லை என்றால் எழுத்தர் கையை விரிப்பார், மேலாளரும் அதையே செய்வார். விமான நிலையத்தில் ஈரானியப் பாஸ்போர்ட்டில்தான் நுழைந்தாக வேண்டும், இரட்டைக் குடியுரிமையை அரசு ஏற்பதில்லை. அங்கே கேட்காமலேயே முழு ஈரானியர். வங்கிக் கவுன்ட்டரில் மட்டும் யாரென்றே தெரியாத ஆள்! கனடாவில் ஒரு போன் அழைப்பில் எண் மாற்றி முடித்திருக்கலாம் என்று நினைக்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

ஆகவே எதற்குப் பிறகு எது என்ற வரிசை தப்பக் கூடாது. முதலில் தேசிய அட்டை காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். அடுத்து உங்கள் பெயரிலேயே சிம். அப்பாவின் சிம்மை மாற்றிக்கொள்வதானால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிறகுதான் வங்கி. கணக்கு முடங்கியிருந்தால் உயிர்ப்பிக்க ஒரு படிவம், கார்டு காலாவதியென்றால் புதியது. கடைசியில் ஏடிஎம்மில் இரண்டாவது ரகசிய எண்ணுக்கான பகுதியில் மொபைல் எண்ணைப் பதிய வேண்டும். இதையெல்லாம் சனி முதல் புதன் வரை, மதியத்துக்கு முன்பே முடியுங்கள். ஈரானியப் புத்தாண்டான நவ்ரூஸுக்குப் போகிறவர்கள் கவனம்: ஆண்டின் முதல் மாதமான ஃபர்வர்தீன் 1 முதல் 4 வரை விடுமுறை, மறுபடி 12, 13. இடைப்பட்ட நாட்களிலும் அலுவலகங்கள் பாதித் தூக்கம்தான்.

கையோடு கொண்டுபோன போனில் ஈரானிய சிம்மைப் போட்டால் ஏறத்தாழ ஒரு மாதம் ஓடும், அப்புறம் ஹம்தா எனும் அரசின் போன் பதிவேட்டில் பதிவு இல்லை என்று சிக்னல் போய்விடும். *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பதிவு விவரம் *7777#-ல். சுங்க வரி கட்டிப் பதிவதைவிட, வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய பட்டன் போனே மேல். எஸ்எம்எஸ்ஸுக்கு அது தாராளம்.

அதுவரை பெரும்பாலானவர்கள் செய்வதைச் செய்யுங்கள்: அம்மாவின் கார்டு. கடைகளில் யார் கார்டு என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. இணையத்தில் கட்டும்போது மட்டும் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் எண் காலாவதியாகிவிடும், மறுபடி கேட்டு வாங்குங்கள்.

திரும்பும்போது சிம்மைக் கழற்றி எடுத்து வராதீர்கள். அந்தப் பட்டன் போனிலேயே விட்டு, அவ்வப்போது ரீசார்ஜ் செய்து ஒரு அழைப்பாவது பேசச் சொல்லிவிட்டு வாருங்கள்.