மொரிஸ் மைனர் பின் ஹப் கிட்: எதை நம்பலாம், எதை அளக்க வேண்டும்

றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது பின்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு தட்டல். சில்லைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் ட்ரம்முக்குள் ஒயில். மலையகத்தில் ஓடும் மைனர்களில் இவை இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பழைய பிரித்தானியக் கார்ப் பாகங்கள் விற்கும் கடைகளில் இதற்கென்று ஒரு கிட் கிடைக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு பெயாரிங், ஒரு ஒயில் சீல், ஒரு பேப்பர் கேஸ்கட், ஒரு ஓ-ரிங், ஒரு லொக் வாஷர். 1956இல் வந்த மைனர் 1000 வகைக்கு உரியது இது. அதற்கு முந்திய வண்டி என்றால், பழைய பெயாரிங்கின் இலக்கத்தைப் பார்த்து ஒப்பிடாமல் காசு கொடுக்க வேண்டாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சீல் நன்றாக இருக்கிறது. பெயாரிங் எந்தக் கொம்பனி என்று பார்த்து வாங்க வேண்டும். கேஸ்கட்டை அளக்காமல் போடவே கூடாது. இந்த வேலையின் உயிரான ஓர் அளவு இருக்கிறது, கிட்டோடு வரும் தாளில் அது இல்லை. அது பெரிய குறை.

பெயாரிங்கை ஹப்பில், அதாவது சில்லைத் தாங்கும் நடுப்பாகத்தில், முழுதாக அழுத்தி, கேஸ்கட்டையும் வைத்தபின், பெயாரிங்கின் வெளிமுகம் கேஸ்கட்டை விட 0.025 முதல் 0.10 மில்லிமீற்றர் வரை வெளியே நிற்க வேண்டும். பெயாரிங்குக்கு வெளியே ஸ்பேசர் எனும் இடை வளையம் உள்ள வண்டியில் ஸ்பேசரின் முகத்தை அளக்க வேண்டும். எக்சல் தண்டின் முனையிலுள்ள தட்டு வந்து அந்த விளிம்பை அழுத்தினால்தான் பெயாரிங் ஹப்புக்குள் அசையாமல் நிற்கும். கேஸ்கட் தடித்துப்போனால் தட்டு கடதாசியில் மோதி நின்றுவிடும், பெயாரிங் பிடியில்லாமல் கிடக்கும். ஒவ்வொரு வளைவிலும் ஹப் பக்கவாட்டில் நகரும். அந்தத் தட்டல் அதுதான். நகர நகர சீலின் உதடு தேய்ந்து ஒயில் பிரேக்குக்குள் இறங்கும். மறுபுறம், பெயாரிங் அளவுக்கு மேல் வெளியே நின்றால் கேஸ்கட் நசுங்காது, அந்த வழியாக ஒயில் கசியும்.

அளப்பது சிரமமில்லை. கேஸ்கட்டை மைக்ரோமீற்றரில் பிடியுங்கள். 0.25 மி.மீ. என்றால், வெறும் ஹப் முகத்திலிருந்து பெயாரிங் 0.275 முதல் 0.35 மி.மீ. வரை உயர்ந்திருக்க வேண்டும். பெயாரிங்கின் மேல் நேரான இரும்புப் பட்டம் ஒன்றை வைத்து, பட்டத்துக்கும் ஹப்புக்கும் இடையில் ஃபீலர் கேஜ் விட்டால் கணக்கு வந்துவிடும். அளவு பொருந்தாவிட்டால் மெல்லிய கேஸ்கட் தாள் வாங்கி நீங்களே வெட்டிக்கொள்ளலாம். சிலிக்கனைத் தடிப்பாகப் பூசிச் சமாளிப்பது இந்த அளவைத்தான் கெடுக்கும்.

கழற்றும்போது முன் சில்லுகள் இரண்டுக்கும் இருபக்கமும் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் ட்ரம்மை. ட்ரம் வெளியே வந்தபின் சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேறொன்றும் இல்லை. ட்ரம்மின் இரண்டு ஸ்குரூவையும் எக்சல் தட்டின் ஒற்றை ஸ்குரூவையும் எடுத்தால் எக்சல் கையோடு வரும். வேலை செய்யும் பக்கத்தைச் சற்று உயர்த்தினால் ஒயில் கொட்டாது. லொக் வாஷரின் மடிப்பை நிமிர்த்திவிட்டு நட்டைக் கழற்றுங்கள். இடப்பக்கத்து நட்டு இடப்புரி, வலப்பக்கமாகச் சுழற்றினால்தான் கழலும். இது தெரியாமல் உளி வைத்து அடித்து மூலைகள் சிதைந்த நட்டுகள் நம் பக்கத்தில் ஏராளம்.

புதிய பெயாரிங்கைப் போடுமுன் இரண்டு இடங்களைப் பாருங்கள். எக்சலை மூடியிருக்கும் ஹவுசிங் குழாயின் முனையில் பெயாரிங் மெல்லத் தட்டித்தான் ஏற வேண்டும், ஹப்புக்குள் பிரெஸ்ஸில் அழுத்தித்தான் போக வேண்டும். கையால் வைத்ததும் விழுந்தால் அந்த இடம் தேய்ந்துவிட்டது, கிட் அதைச் சரிசெய்யாது. சில கராஜ்களில் சென்டர் பஞ்சால் சுற்றிலும் பொட்டுக் குத்தி இறுக்கித் தருவார்கள். அந்தப் பொட்டுகள் சில மலை ஏறி இறங்குவதற்குள் மழுங்கிவிடும், பெயாரிங்கும் கோணலாகவே அமரும். இடைவெளி 0.1 மி.மீ.க்குள் என்றால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து பெயாரிங்கை ஒட்டி நிறுத்தும் லொக்டைட் 641 பசை போடலாம். அதற்கு மேல் என்றால் லேத்தில் கடைந்து ஸ்லீவ் போட வேண்டும், அல்லது நல்ல பழைய ஹப் ஒன்றைத் தேட வேண்டும்.

சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் பெயாரிங்கைப் பார்த்திருக்க வேண்டும். புதுச் சீலும் கசிந்தால் சீலைத் திட்டுமுன் ஹவுசிங்கின் மேலுள்ள மூச்சுத் துளையைப் பாருங்கள். தேயிலைத் தோட்டப் பாதையின் சேறு அதை அடைத்துவிடும். நீண்ட இறக்கத்தில் ஒயில் சூடேறி, உள்ளே அழுத்தம் கூடி, எந்தச் சீலையும் தள்ளிக்கொண்டு வரும். கசிவது எது என்பதையும் நிச்சயப்படுத்துங்கள். கியர் ஒயிலுக்குக் கந்தக நெடி உண்டு, கையில் பிசுபிசுக்கும். பிரேக் ஒயில் தண்ணீர் போல ஓடும், படும் இடத்தில் பெயின்டைக் கிளப்பும். ஒயில் குடித்த பிரேக் லைனிங்கை பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சூடேறியதும் உள்ளே ஊறியது வெளியே வரும், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். கினிகத்தேனை இறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டு பக்கத்துக்கும் புதிய லைனிங் போடுங்கள்.

பின் எக்சலுக்கான கியர் ஒயில், டின்னில் ஈபி 90, ஜீஎல்-4 என்று இருக்க வேண்டும். மொத்தமாக மாற்றினால் சுமார் 0.85 லீற்றர் போகும். சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரப்பினால் போதும்.

கிட்டை வாங்கலாமா? பெயாரிங்கில் கொம்பனிப் பெயரும் இலக்கமும் தெளிவாகப் பொறித்திருந்தால் வாங்கலாம். வெறும் இலக்கம் மட்டும் இருந்தால், அதைக் குறித்துக்கொண்டு கொழும்பு பஞ்சிகாவத்தையில் எஸ்கேஎஃப் அல்லது கோயோ கொம்பனிப் பெயாரிங் கேளுங்கள், மற்றவற்றைத் தனித்தனியாக எடுங்கள். கேஸ்கட்டும் லொக் வாஷரும் மட்டும் கூடுதலாக இருக்கட்டும், கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் போட வேண்டும்.