ஜாங்கோவின் ஜேசன்_ஸ்கிரிப்ட்: சேதாரமில்லாமல் கொண்டுபோகும், டைப்பை மட்டும் நம்பாதீர்கள்

பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவில் ஜேசன்_ஸ்கிரிப்ட் (json_script) என்று ஒரு டெம்ப்ளேட் ஃபில்டர், அதாவது பக்கத்தின் வார்ப்புருவில் மதிப்பை மாற்றித் தரும் கருவி, இருக்கிறது. 2018இல் 2.1 பதிப்போடு வந்தது. சர்வரில் பைத்தான் வைத்திருக்கும் டிக்ஷனரியையோ லிஸ்ட்டையோ பக்கத்தோடு அனுப்பி ஜாவாஸ்கிரிப்ட் கையில் கொடுப்பது, இது ஒன்றுதான் அதன் வேலை. சில வருடங்களாக இதைத்தான் எல்லா இடத்திலும் பயன்படுத்துகிறேன். பாதுகாப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அனுப்பிய டேட்டா அதே டைப்பில் போய்ச் சேரும் என்று நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள், நான் மாட்டிக்கொண்டேன்.

இது வருவதற்கு முன்னால் எப்படிச் செய்தோம் என்று யோசித்தால் சிரிப்புதான் வருகிறது. ஸ்கிரிப்ட் டேக்குக்குள் ஒரு வேரியபிள், மேற்கோளுக்குள் இரட்டை அடைப்புக்குறி, அதற்குள் டெம்ப்ளேட் மதிப்பு. ஜாங்கோ வழக்கம்போல எச்டிஎம்எல்லுக்கு ஏற்றபடி எஸ்கேப் செய்துவிடும், அதாவது சிறப்புக் குறிகளைக் குறியீடுகளாக மாற்றிவிடும், ஆனால் ஸ்கிரிப்ட் டேக்குக்குள் பிரௌசர் அந்தக் குறியீடுகளைத் திரும்ப எழுத்தாக மாற்றாது, அதனால் ஒற்றை மேற்கோள் இருக்கிற பெயரெல்லாம் ஆம்பர்சண்டும் எண்ணுமாக ஸ்கிரிப்டுக்குள் போய் நிற்கும். எரிச்சலில், எஸ்கேப் செய்வதை நிறுத்துகிற 'சேஃப்' ஃபில்டரைப் போடுவோம். பெயர்தான் சேஃப். யாரோ ஒருவர் முகவரிப் பெட்டியில் ஸ்கிரிப்டை மூடும் டேக்கை எழுதி, அதற்குப் பின்னால் தன் சொந்த ஸ்கிரிப்டைத் திறந்தால் போதும், அப்புறம் அந்தப் பக்கம் அவர் சொன்னபடி ஆடும். மேற்கோளுக்குள்தானே இருக்கிறது என்று கேட்கலாம். எச்டிஎம்எல் பார்சருக்கு ஜாவாஸ்கிரிப்ட் மேற்கோளெல்லாம் தெரியாது, மூடும் டேக் வந்தால் மூடிவிடும், அவ்வளவுதான்.

ஜேசன்_ஸ்கிரிப்ட் இதை அழகாகத் தாண்டுகிறது. டேட்டாவை ஜேசனாக (டேட்டாவை உரையாக எழுதும் ஒரு வடிவம்) மாற்றிவிட்டு, அதில் வருகிற <, >, & மூன்றையும் யூனிகோட் எண் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. ஜேசனில் இந்த மூன்று குறிகளும் ஸ்ட்ரிங்குக்கு (மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர்) உள்ளே மட்டும்தான் வர முடியும், அந்த எண் வடிவமும் முறையான ஜேசன்தான், ஆகவே மறுமுனையில் ஜேசன்.பார்ஸ் செய்தால் மூல எழுத்து அப்படியே திரும்பக் கிடைக்கும். வெளியே சுற்றுகிற ஸ்கிரிப்ட் டேக்கின் டைப், அப்ளிகேஷன்/ஜேசன். பிரௌசர் அதை இயக்காது, வெறும் டேட்டா பிளாக்காக வைத்துக்கொள்ளும். நாம் ஐடியைச் சொல்லி எடுத்து, டெக்ஸ்ட்கன்டென்ட்டை பார்ஸ் செய்ய வேண்டியதுதான். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, இன்லைன் ஸ்கிரிப்டை முழுக்கத் தடை செய்கிற கண்டிப்பான சிஎஸ்பி (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரௌசருக்குச் சொல்லும் பாதுகாப்பு விதி) போட்ட தளத்திலும் இது ஓடும் என்பது. இயங்குகிற ஸ்கிரிப்டே இல்லையே, எதைத் தடுப்பது?

சரி, குறைகளுக்கு வருகிறேன். உள்ளே டேட்டாவை ஜேசனாக எழுதுகிற என்கோடர், டெசிமலை (பைத்தானின் துல்லியமான தசம எண்) ஸ்ட்ரிங்காகத்தான் அனுப்பும். தொகையில் பைசா பிசகக் கூடாது என்பதற்காகச் செய்திருக்கிறார்கள், அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் என் கோடில் பொருட்களின் விலையைக் கூட்டிக் காட்டும் இடம் ஒன்று இருந்தது. 100.50, 20.00 இரண்டையும் கூட்டினால் 100.5020.00 என்று ஒட்டிக்கொண்டு வந்து நின்றது. பெருக்கல் செய்த இடங்களிலெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் தானாகவே எண்ணாக மாற்றிக்கொண்டதால் அங்கே ஒன்றும் தெரியவில்லை, இந்த ஒரு இடத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் போனது.

பெரிய எண்களில் சத்தமே வராது. டேட்டாபேஸில் 64 பிட் ஐடி வைத்திருந்தால் பைத்தான் சரியாகவே எழுதி அனுப்பும், ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்துக்கொள்ளும். 9007199254740993 போனால் 9007199254740992 ஆகிவிடும். வேறொருவருடைய பதிவைத் திறந்து காட்டும் வரை யாருக்கும் தெரியாது. இது ஃபில்டரின் தப்பு இல்லைதான், ஆனாலும் பழியை வாங்கப்போவது நீங்கள். ஐடியை வியூவிலேயே (சர்வரில் பக்கத்தைத் தயாரிக்கும் பைத்தான் கோட்) ஸ்ட்ரிங்காக மாற்றிவிடுங்கள். தேதியும் இப்படித்தான்: நேரம் இல்லாத வெறும் தேதியை ஜாவாஸ்கிரிப்ட் யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும், யுடிசிக்குப் பின்தங்கிய நேர மண்டலத்தில் இருப்பவர் திரையில் முந்தைய நாள் தெரியும்.

புதிதாக வருபவர்கள் தவறாமல் செய்கிற ஒன்று: வியூவில் ஒருமுறை ஜேசனாக்கிவிட்டு அதையே ஃபில்டருக்கும் கொடுப்பது. பார்ஸ் செய்தபின் ஆப்ஜெக்ட்டுக்குப் பதில் ஒரு நீள ஸ்ட்ரிங் கிடைக்கும். மூல டிக்ஷனரியையே கொடுங்கள். டேட்டாபேஸிலிருந்து ஜாங்கோ எடுத்துத் தரும் குவெரிசெட்டைக் கொடுத்தால் ஏற்காமல் டைப்எரர் காட்டும், அது நல்லதுதான். ஆனால் அந்த எரரைப் போக்க வேண்டுமே என்று எல்லா ஃபீல்டையும் வேல்யூஸ் போட்டு லிஸ்ட்டாக்கினால், யூசர் டேபிளில் பாஸ்வேர்ட் ஹாஷும் மின்னஞ்சலும் சேர்ந்து பக்கத்தின் மூலக் கோடில் போய் உட்காரும். நான் ஒருமுறை அதை வெளியிடுகிற வரைக்கும் போய்விட்டு, கடைசி நிமிடத்தில் வியூ சோர்ஸ் பார்த்து வியர்த்தேன். எஸ்கேப் செய்வது வேறு, எதை அனுப்பலாம் என்று முடிவு செய்வது வேறு. பின்னதை எந்த ஃபில்டரும் செய்து தராது.

பைத்தானில் இருக்கும் இன்னொரு டெம்ப்ளேட் கருவியான ஜின்ஜாவின் டூஜேசன் ஃபில்டரோடு ஒப்பிட்டால், அது ஒற்றை மேற்கோளையும் சேர்த்து மாற்றுகிறது, அதனால் ஒற்றை மேற்கோள் போட்ட டேட்டா ஆட்ரிபியூட்டிலும் (எச்டிஎம்எல் டேக்கிலேயே மதிப்பை வைக்கும் இடம்) வைக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை, தனி டேக் மட்டும்தான். பக்கத்தில் ஒரே ஒரு பட்டனுக்கு ஒரே ஒரு எண் அனுப்ப வேண்டுமென்றால் நான் சாதாரண டேட்டா ஆட்ரிபியூட்டோடு முடித்துக்கொள்கிறேன், இதற்கெல்லாம் தனி டேக் எதற்கு.

தமிழில் நிறைய உரை அனுப்புபவர்களுக்கு இன்னொன்று. ஆஸ்கி என்ற அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுப்பில் தமிழ் இல்லாததால், ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறியையும் இது ஆறு எழுத்துக் குறியீடாக எழுதுகிறது. 'தமிழ்' என்ற சொல்லில் கொம்பும் புள்ளியும் தனியாகச் சேர்ந்து ஐந்து குறிகள்; வழக்கமான யுடிஎஃப்-8 வடிவத்தில் 15 பைட், இதில் 30. பக்கம் பெருத்திருப்பதைப் பார்த்து மாற்றப் போனால், 4.2 பதிப்பிலிருந்து உள்ளே இருக்கும் ஃபங்ஷனுக்கு வேறு என்கோடர் கொடுக்கலாம், டெம்ப்ளேட் ஃபில்டருக்கு மட்டும் அந்த வசதி கிடையாது! என்கோடரை நீட்டித்து ஆஸ்கி கட்டாயத்தை எடுத்துவிட்டு, நாலைந்து வரியில் சொந்த ஃபில்டர் எழுதிக்கொண்டேன். டெசிமல் கூட்டலுக்கு மட்டும் இன்னமும் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் நானேதான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.