8,500 ரூபாய் கார்டு, 13,000 ரூபாய் நாமம்: பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் அந்தக் கடையிலிருந்து திரும்பி வந்தவன் இன்னும் சாப்பிடக்கூட இல்லை. 13,000 ரூபாய். மூன்று கல்யாண வீடியோ ராப்பகலாக உட்கார்ந்து எடிட் செய்தால்தான் எனக்கு அவ்வளவு கையில் நிற்கும். பழைய கார்டு வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடையின் பெயரைக் கேட்காதீர்கள். புகார் போட்டிருக்கிறேன், அது முடியட்டும். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துகொண்டே பழைய பாகங்களும் விற்கிற கடை என்பது போதும். எல்லா ஊரிலும் அப்படி நாலு இருக்கும்.

என் சிபியு நாலு வருடப் பழசு. ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி ரேம், ஒரு நல்ல கம்பெனியின் 500 வாட் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). அதில் ஒரு குறையும் இல்லை. கிராபிக்ஸ் கார்டு மட்டும் என்விடியா கம்பெனியின் 2 ஜிபி ஜிடி 710. படம் தெரிய ஒரு கார்டு வேண்டுமே என்று அப்போது போட்டது. இப்போது எல்லோரும் 4கே-யில் எடுத்து அனுப்புகிறார்கள். டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளில் கலர் செய்ய ஆரம்பித்தாலே 'ஜிபியு மெமரி ஃபுல்' என்று வந்து நிற்கும். ஆவணியில் முகூர்த்தம் வரிசையாக வந்ததும், சரி, ஒரு 8 ஜிபி கார்டு போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். புதிது வாங்க வசதி இல்லை.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். டீ வாங்கிக் கொடுத்தார். "என்ன வேலைக்குண்ணே?" என்று கேட்டார், நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். உள்ளே போய் ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 580 கார்டு ஒன்றை எடுத்து வந்தார். டப்பா கிடையாது, பபிள் கவரில் சுற்றியிருந்தது. பளபளவென்று இருந்தது. அங்கேயே ஒரு மெஷினில் மாட்டி, கார் ரேஸ் கேம் ஒன்றை ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். வழவழவென்று ஓடியது.

எனக்கு அப்போதும் ஒரு சந்தேகம். மைனிங் என்று கிரிப்டோ காசு சம்பாதிக்க ராப்பகலாக ஓட்டித் தேய்ந்த கார்டுகளும் சந்தையில் உண்டே. "மைனிங் கார்டு இல்லையே?" என்று கேட்டேன். அந்த ஆள் சிரித்தார். "அண்ணே, இதே லாட்ல ஒண்ணைத்தான் என் பையனுக்கு வீட்டுல போட்டுக் கொடுத்திருக்கேன். பிள்ளைக்குப் போட்டதை உங்களுக்கும் தர்றேன், வேற என்ன சொல்லணும்?"

பிள்ளையைச் சொன்னதும் என் வாய் அடைத்துவிட்டது. எனக்கும் பையன் இருக்கிறான். பிள்ளையை வைத்து ஒருவன் பொய் சொல்வான் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

8,500 ரூபாய் யுபிஐயில் போட்டேன். மாட்டிக் கொடுக்க 500. சிபியுவைக் கொண்டுபோயிருந்ததால் அங்கேயே மாட்டினார்கள். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில்னா 18 சதவீதம் கூட வரும்ணே, எதுக்கு? நாங்க இங்கதானே இருக்கோம்" என்று எஸ்டிமேட் சீட்டில் கார்டு என்று மட்டும் எழுதி, 'ஒரு மாதம் செக்கிங் வாரண்டி' என்று கிறுக்கிக் கொடுத்தார். கிளம்பும்போது வாசல்வரை வந்து ஒன்று சொன்னார். "டிரைவரை மட்டும் அப்டேட் பண்ணிடாதீங்கண்ணே. நாங்க போட்டதே செட் ஆகியிருக்கு." டிரைவர் என்றால் கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள். நானும் ஏதோ அக்கறை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். மொத்தக் குட்டும் அந்த ஒரு வரியில்தான் இருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது.

அன்று ராத்திரியே ஆரம்பித்தது. டைம்லைனை ஓட்டினால் விக்கி விக்கி ஓடுகிறது. மவுஸ் நின்று நின்று நகர்கிறது. பழைய ஓட்டைக் கார்டே தேவலாம் போல இருந்தது. சரி, ரெண்டராவது (எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக்குவது) போகட்டும் என்று விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகி உட்கார்ந்திருக்கிறது, ஃபைல் பாதியில் நிற்கிறது. மறுபடி போட்டேன். இருபதாவது நிமிடம் திரை கறுத்து, திரும்பி வந்தபோது மணமகள் முகத்தில் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள்.

போன் செய்தேன். "விண்டோஸ் பிரச்சினைண்ணே, கொண்டாங்க." கொண்டுபோனேன். ஃபார்மட் செய்து 800 வாங்கினார்கள். வீட்டுக்கு வந்தால் அதே கதை. அடுத்த தடவை, "உங்க எஸ்எம்பிஎஸ் தாங்கலைண்ணே, வீக்கா இருக்கு." 550 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றை 3,200க்குப் போட்டார்கள், அதுவும் என் பழையதை எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கொண்டு! கூட்டிப் பாருங்கள். 8,500, 500, 800, 3,200. பதிமூன்றாயிரம். ஹேங் ஆவது மட்டும் குறையவில்லை.

அதன்பிறகு போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் 'ஓனர் வெளியூர்', 'சர்வீஸ் பையன் லீவு', 'நீங்க ஹெவி ஒர்க் பண்றீங்க, அப்படித்தான் ஆகும்'. ஹெவி ஒர்க்குக்குத்தானே வாங்கினேன்? ஒரு தடவை, "உங்க வீட்டு கரண்ட் சரியில்ல" என்றுகூடச் சொன்னார்கள். அதே பிளக்கில் நாலு வருடம் ஓடிய மெஷின்.

நாலாவது தடவை போனபோது ஓனர் இல்லை. கல்லாவில் ஒரு பையன் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான், ஏழாவதோ எட்டாவதோ படிப்பான். ஓனர் மகன்தான், முகத்திலேயே தெரிந்தது. சும்மா பேச்சுக் கொடுத்தேன். "உன் கம்ப்யூட்டர்ல கேம் எல்லாம் நல்லா ஓடுதா தம்பி?" அவன் நிமிர்ந்து பார்த்து, "எங்க வீட்டுல கம்ப்யூட்டரே இல்ல அங்கிள். அப்பா வாங்கித் தரமாட்டேங்கிறாங்க" என்றான்.

இனிமேல் அந்த ஆளுக்கு 'ர்' விகுதி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான், இதில் எல்லாம் கை வைக்கிற பையன். மூடியைத் திறந்ததுமே, "என்ன மாமா, கார்டைக் கீழ் ஸ்லாட்ல மாட்டியிருக்கான்?" என்றான். என் போர்டில் மேலே இருக்கிற நீள ஸ்லாட்தான் முழு வேகம். கீழே இருப்பதும் பார்க்க அதே நீளம், ஆனால் சிப்செட் என்கிற போர்டு சிப் வழியாக வரும் பழைய தலைமுறை நாலு லேன் (தகவல் போகும் பாதை)தான். ஜிபியு-இசட் என்கிற இலவச மென்பொருளில் பார்த்தால் அப்படியே எழுதியிருந்தது. மேல் ஸ்லாட்டின் வேகத்தில் எட்டில் ஒரு பங்கு. ஏன் கீழே மாட்டினான்? மேலே மாட்டினால் கார்டு ஹார்ட் டிஸ்க் வயரில் இடிக்கிறது. வயரை ஒதுக்கச் சோம்பல், அவ்வளவுதான். அதோடு போர்டின் பயாஸை (உள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) ரீசெட் செய்து விட்டிருந்ததால், ரேமை முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி அணைந்துபோய், 3200-இல் ஓட வேண்டிய ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. பழைய என்விடியா டிரைவரை எடுக்காமல் அதன் தலைமேலேயே புது டிரைவரைப் போட்டு முதலில் அனுப்பியிருந்தான் என்பது தனி. விக்கலுக்குக் காரணம் இதெல்லாம். இது திருட்டு இல்லை, கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்வோம். 500 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த கவனக்குறைவு.

அதையெல்லாம் சரிசெய்து, கார்டை மேலே மாற்றினோம். விக்கல் போய்விட்டது. ரெண்டர் போட்டால் இருபது நிமிடத்தில் திரும்பவும் கறுப்பு. ஈவன்ட் வியூவரைத் திறந்து காட்டினான். 'டிஸ்ப்ளே 4101' வரிசையாக நிற்கிறது. டிரைவர் பதில் சொல்லாமல் போய் மீண்டு வந்தது என்று அர்த்தமாம். நடுவில் சில 'கர்னல் பவர் 41', அதாவது ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் திடீரென ரீஸ்டார்ட் ஆனது. பழைய ஜிடி 710-ஐ மாட்டி மூன்று மணி நேரம் சிபியுவை முழுப் பாரத்தில் ஓட்டினோம். ஒரு சிணுங்கல் இல்லை. கோளாறு கார்டில்தான்.

அப்புறம்தான் அவன் ஜிபியு-இசட்டில் ஷேடர், அதாவது கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்னக் கூறுகளின் எண்ணிக்கை, என்கிற கட்டத்தைக் காட்டினான். 2048. ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 இருக்க வேண்டும். 2018-இல் சீனச் சந்தைக்கென்று '580 2048 எஸ்பி' என ஒன்று வந்ததாம். பெயரில்தான் 580, உள்ளே கிட்டத்தட்ட 570. சரி, அதையாவது சொல்லி அந்த விலைக்கு விற்றிருக்கலாம். சொல்லவில்லை.

அதைவிடப் பெரியது, கார்டுக்கென்றே தனியாக இருக்கும் பயாஸ். அதை ஃபைலாக எடுத்து ஒரு எடிட்டரில் திறந்தான். மெமரியின் ஒவ்வொரு வேகத்துக்கும் தனித்தனி டைமிங் (மெமரி எவ்வளவு நேரத்தில் பதில் தர வேண்டும் என்ற கணக்கு) இருக்க வேண்டிய இடத்தில், அதிக வேக வரிசைகள் எல்லாவற்றிலும் ஒரே டைமிங்கைக் காப்பி அடித்து வைத்திருக்கிறது. எதீரியம் என்கிற கிரிப்டோ காசுக்கு மைனிங் செய்கிறவர்கள் நாலு காசு கூட வரட்டும் என்று செய்கிற வேலையாம் இது. மெமரியை அதன் எல்லைக்கே இழுத்து வைப்பது. புதிதாக இருக்கும்போது தாங்கும். வருடக்கணக்காக ராப்பகலாக ஓடியபின் நீண்ட ரெண்டரில் தடுக்கி விழும், ஐந்து நிமிட கேமில் தெரியாது. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங்கையே கைவிட்டபிறகு வேலையிழந்த இந்தக் கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அதில் ஒன்றைத் துடைத்துப் பளபளப்பாக்கி என் தலையில் கட்டியிருக்கிறான்.

அந்த 'டிரைவரை அப்டேட் பண்ணாதீங்க'? மாற்றியமைத்த பயாஸ் என்று தெரிந்தால் ஏஎம்டியின் டிரைவர் அந்தக் கார்டை இயக்காது. அதனால் டிரைவரையும் ஒரு பேட்ச் போட்டு ஏமாற்றி வைத்திருந்தார்கள். அப்டேட் செய்தால் பேட்ச் போய், கார்டு படுத்துவிடும். அக்கறை இல்லை ஐயா அது, பயம். ஃபார்மட் என்று 800 வாங்கினானே, அப்போதும் அதே பேட்சைத்தான் திரும்பப் போட்டிருக்கிறான்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கார்டு 185 வாட், பிராசஸர் முழு வேகத்தில் ஒரு 90 வாட். என் பழைய 500 வாட் தாராளமாகப் போதும், அதில் கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் 8 பின் வயரும் இருந்தது. இவன் கொடுத்த '550 வாட்டில்' 8 பின்னே கிடையாது, பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் போடுகிற மோலெக்ஸ் வயர் இரண்டைச் சேர்த்த கன்வெர்ட்டரைச் சொருகி வைத்திருக்கிறான். கையில் தூக்கினால் காலி டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை. என் நல்ல சாமானை எடுத்துக்கொண்டு, காசும் வாங்கிக்கொண்டு, இதைக் கொடுத்திருக்கிறான்!

ஒரிஜினல் பயாஸைத் தேடி ஏற்றிப் பார்க்கலாம் என்று மருமகன் சொன்னான். நான்தான் தடுத்தேன். நாம் கை வைத்தால் அதையே சாக்காகச் சொல்வான்.

இன்று மத்தியானம் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். பார்க்கவே இல்லை. "யூஸ்டு ஐட்டம் சார், ஒருதடவ வித்தா ரிட்டர்ன் கிடையாது. செக்கிங் வாரண்டின்னா செக் பண்ணித் தர்றதுதான், பணம் தர்றது இல்ல." அண்ணே போய் சார் ஆகிவிட்டது. என் பழைய எஸ்எம்பிஎஸையாவது கொடு என்றேன். "அது அன்னைக்கே வித்துப் போச்சு." பையனைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான், விட்டுவிட்டேன்.

வந்ததும் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அடித்துப் புகாரைப் பதிவு செய்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே நேர்மையற்ற வணிகம்தான். பில்லில் கெடு ஒன்றும் எழுதாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பதும் அப்படித்தான். சீட்டில் அவனே ஒரு மாதம் என்று எழுதியிருக்கிறான், எனக்கு இன்று 19-ஆம் நாள். உதவி எண்காரர்கள் பேசியும் அவன் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. யுபிஐ ரசீதும் கிறுக்கல் சீட்டும்தான் கையில் இருக்கும் ஆதாரம், பார்ப்போம்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். மணி ஒன்பது ஆகிறது, மணமகன் வீட்டிலிருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். பில் இல்லாமல் வாங்காதீர்கள், அந்த 18 சதவீதத்தைக் கொடுத்துத் தொலையுங்கள். பென் டிரைவில் ஜிபியு-இசட் கொண்டுபோங்கள், கடையிலேயே ஷேடர் எண்ணிக்கையைப் பாருங்கள். அரை மணி நேரமாவது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டிரைவரை அவர்கள் கண் முன்னாலேயே கம்பெனி தளத்திலிருந்து இறக்கிப் போடச் சொல்லுங்கள், முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய சாமான் எதையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஜிடி 710-ஐத் திரும்ப மாட்டியிருக்கிறேன். வீடியோவை 1080-க்குக் குறைத்து எடிட் செய்துகொண்டிருக்கிறேன், விடியும்வரை போகும். திருச்சிப் பக்கம் யாரிடமாவது ஒழுங்கான 500 வாட் எஸ்எம்பிஎஸ், பில்லோடு இருந்தால் சொல்லுங்கள்.